மஞ்சள் இலைக்கெல்லாம் எப்சம் உப்பு மருந்தா?

"கறிவேப்பிலை மஞ்சளடித்தால் ஒரு ஸ்பூன் எப்சம் உப்பு போடுங்கள், மூன்றே நாளில் பச்சையாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். அதில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) இல்லை, இரும்பும் இல்லை. மக்னீசியம் குறைந்த செடிக்கு மட்டும்தான் அது உதவும்.

முதலில் செடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அடி இலைகள் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. மண்புழு உரம் போடலாம். அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் மஞ்சள் என்றால் மக்னீசியம். அதே கோலம் கொழுந்தில் தெரிந்தால் இரும்பு. காரத்தன்மையுள்ள போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளியுங்கள்.

ஆனால் மாடித்தோட்டங்களில் நான் அதிகம் பார்ப்பது தண்ணீர் தேங்கிய தொட்டிதான். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விடுங்கள். சேறாக ஒட்டினால் வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அடித்துளை அடைப்பைக் குச்சியால் குத்திவிட்டு, மேல்மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். அந்த நிலையில் உப்பையும் கொட்டினால் பாவம், செடி இன்னும் வாடும். அப்புறம், முழுக்க மஞ்சளான பழைய இலை பெரும்பாலும் மறுபடி பச்சையாகாது. குணமாகிறதா என்பதைப் புதுத் துளிரில்தான் பார்க்க வேண்டும்.