பிரஸ் கவுன்சில் படிப்புக்கு அங்கீகாரம் கொடுப்பதில்லை

"வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரி, பிரஸ் கவுன்சில் அங்கீகாரம் உள்ள இடத்தில் படித்தால்தான் பத்திரிகையாளர் ஆகலாம், மதுரையில் அப்படி எதுவும் இல்லை" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இது சரியில்லை. அட்மிஷன் நேரத்தில் பிள்ளைகளை வீணாகப் பயமுறுத்தும்.

1978ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் பிரஸ் கவுன்சிலின் வேலையே வேறு. பத்திரிகைகள், செய்தி நிறுவனங்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும், எச்சரிக்கும், கண்டிக்கும். டிவி சேனல்கள்கூட அதன் வரம்பில் இல்லை. பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் தருவதோ, நிருபருக்கு லைசென்ஸ் தருவதோ அதன் வேலை இல்லை. வக்கீல்கள் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிவு செய்தே ஆக வேண்டும். பத்திரிகைத் தொழிலுக்கு அப்படி ஒரு கட்டாயப் பதிவு நம் நாட்டில் கிடையாது. வரலாறு படித்தவரும் நிருபர் ஆகலாம், ஆகியும் இருக்கிறார்கள்.

பட்டம் செல்லுமா என்பதற்குப் பார்க்க வேண்டியது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம். 1966இல் தொடங்கிய நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு அது இருக்கிறது. இதழியல் துறையும் அங்கேயே உண்டு. கல்லூரியில் சேர்வதென்றால், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்குப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்று ஃபீஸ் கட்டும் முன் கேளுங்கள்.

அப்புறம், "பிரஸ் கவுன்சில் அப்ரூவ்டு" என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், அந்த அங்கீகார ஆணையின் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.