ஒட்டவிடாமல் தடுப்பதுதான் வேலை

தடுப்பூசி வந்தால் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் போடும் குழாய்) தொற்று ஒழிந்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்திருப்பது கொஞ்சம் அவசரம். குழாய் உரசியதும் சிறுநீர்ப்பைச் சுவரிலிருந்து ஃபைப்ரினோஜென் என்ற புரதம் கசிந்து குழாய்மேல் படிகிறது. என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா தன் மேலுள்ள மயிரிழைகளின் நுனியிலுள்ள ஈ.பி.பி.ஏ. புரதத்தால் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. 2014இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அந்தப் புரதத்தையே ஊசியாகப் போட்டு எலிகளுக்குத் தொற்று வராமல் தடுத்தார்கள். கிருமியை ஒட்டவிடாமல் தடுப்பதுதான், கொல்லும் வேலையே இல்லை என்பதால், மருந்துக்கு அடங்காத கிருமியும் இதில் மாட்டும்.

சிக்கல், குழாயில் குடியேறுவது ஒரே இனமல்ல. புரோட்டியஸ் என்ற இன்னொரு பாக்டீரியா சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். சிறுநீர் காரத்தன்மை அடைந்து, உப்பு உறைந்து குழாயே அடைத்துக்கொள்ளும். அதற்கு என்டரோகாக்கஸ் ஊசி உதவாது. இரத்தத்தில் பரவும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஒன்பது வகைகளுக்கான தடுப்பூசியும் 2025இல் பலன் போதாமல் மனிதர்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையிலேயே நின்றுபோனது.

நல்ல தடுப்பூசி வரும்வரை, தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் வீட்டில் கதீட்டரோடு பெரியவர்களைப் பார்ப்பவர்களுக்கு: சிறுநீர் சேரும் பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படவேண்டாம். கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனைக்கு) சிறுநீரைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. குழாய் போட்டு இரண்டு வாரம் தாண்டியிருந்தால் நர்ஸிடம் சொல்லிப் புதிதாக மாற்றி, அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய குழாயில் படலமாய் ஒட்டியிருக்கும் கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும். காய்ச்சல், வலி எதுவுமில்லாமல் சிறுநீர் கலங்கலாக மட்டும் இருந்தால் ஆன்டிபயாட்டிக் கேட்டு டாக்டரை நச்சரிக்காதீர்கள்.