போதகர் போட்ட சோடி

(ஞாயிறு பின்னேரம், மட்டக்களப்பு வாவிக்கு மேலான கல்லடிப் பழைய பாலத்தடி. அருள் ஓட்டோ ஓட்டுகிறவர். பிலிப்புக்கு போன் திருத்துகிற கடையில் வேலை. கிழமைக்கு ஒருதரம் சந்தித்து, ஒருவரை ஒருவர் விசாரித்து, ஜெபித்துவிட்டுப் போகச் சொல்லி போதகர் சபையைச் சோடி சோடியாகப் பிரித்ததில் இந்த இரண்டு பேரும் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள்.)

பிலிப்பு: தொடங்குவமா அண்ணன்? இந்தக் கிழமை என்ன பாவம்?

அருள்: பொலிசில் கேட்கிற மாதிரிக் கேட்கிறாய், ஒரு சுருள் கச்சான் வாங்கித் தந்துவிட்டுக் கேட்டால் என்ன? சரி, ஜெபக்குறைவு, வேதவாசிப்புக் குறைவு, பொறுமைக் குறைவு.

பிலிப்பு: போன கிழமையும் இதே மூன்றுதான்.

அருள்: கூடவில்லையே என்று சந்தோஷப்படு.

பிலிப்பு: பொறுமைக் குறைவு யாரோடு?

அருள்: உன் அண்ணியோடுதான். நான் ஓட்டோவை வெளியே எடுக்கிற நேரம் பார்த்துத்தான் காஸ் முடிந்துபோச்சு என்று சொல்லுவா, பிறகு தங்கச்சியோடு வீடியோ கோலில் ஒரு மணித்தியாலம், அதுவும் முழுக்க என்னைப் பற்றித்தான், இதெல்லாம் பாவம் இல்லையா, நீயே சொல்லு.

பிலிப்பு: அண்ணியின் பாவத்தைக் கேட்க வேறு ஆள் போட்டிருக்கிறார்கள். வேதத்தில் யாக்கோபு 5:16 உங்களுடையதைத்தான் அறிக்கையிடச் சொல்கிறது.

அருள்: இது யார் புதுசாகக் கண்டுபிடித்த வேலை?

பிலிப்பு: புதுசா? மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கின ஜோன் வெஸ்லி 1738இலேயே சின்னக் குழுக்களுக்குக் கேள்வி எழுதி வைத்தவர். போன தடவை சந்தித்த பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன, என்ன சோதனை வந்தது, எப்படித் தப்பினாய், பாவமா இல்லையா என்று சந்தேகமான காரியம் ஏதும் உண்டா என்று வரிசையாக. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊரில் ஜெபவீட்டுக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று தொடங்கி, பன்னிரண்டு பேருக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். காசு வாங்க வீட்டுக்குப் போனவர்கள் கண்ணில்தான் ஒருவன் மனைவியோடு சண்டை பிடிப்பதும் இன்னொருவன் குடித்துவிட்டு இருப்பதும் பட்டது. அதற்குப் பிறகுதான் கிழமைக்குக் கிழமை விசாரிப்பு.

அருள்: அப்ப தொடக்கமே கடன் வசூல். அதுதான் எனக்கு இப்படி நடுங்குது. 1814இல் மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷனரியாக வந்த வில்லியம் ஓல்ட் இந்தக் கேள்விகளைக் கப்பலிலேயே மறந்துவிட்டு வந்திருக்கலாம்.

பிலிப்பு: சந்தேகமான காரியம் ஏதும்?

அருள்: முதலில் உன்னுடையதைச் சொல்.

பிலிப்பு: எனக்கு... விடியற்கால ஜெபத்தில் கொஞ்சம் கவனச் சிதறல்.

அருள்: சிதறலா! ஐந்து மணி சூம் ஜெபத்தில் கமராவை நிறுத்திப்போட்டு மைக்கை நிறுத்த மறந்து படுத்தவன் நீ. போதகர் எழுப்புதலுக்காக ஜெபிக்கிறார், நடுவில் உன் குறட்டை. ஒரு ஆச்சி ஆவியில் பேசுகிற அந்நியபாஷை என்று நினைத்து ஆமென் சொன்னா.

(சபை முழுக்கத் தெரிந்ததை இரகசியம் போலச் சொல்வதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்.)

பிலிப்பு: அப்பவே என்னை எழுப்பியிருக்கலாமே?

அருள்: கோல் எடுத்தேன். நீ கட் பண்ணினாய்.

பிலிப்பு: சரி, நித்திரைதான் கொண்டேன். நாளைக்கு ஐந்துக்கு முன்னமே அடியுங்கள், எடுப்பேன். இப்ப உங்கள் முறை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் இருந்து ஆரையம்பதிக்கு ஒரு அம்மாவை ஏற்றினீர்களா?

அருள்: ஒரு நாளைக்கு எத்தனையோ அம்மாவை ஏற்றுகிறேன்.

பிலிப்பு: நல்ல மழை, கையில் மருந்துப் பை, வழமையை விட 300 ரூபாய் கூட.

அருள்: அது... மழைக்குக் கூட எடுக்கிறதுதானே, எல்லாரும் எடுக்கிறார்கள். பாவக் கணக்கில் போடவில்லை தம்பி, மழைக் கணக்கில் போட்டேன்.

பிலிப்பு: அவ என் மாமி.

அருள்: (வாவியைப் பார்த்தபடி) உன் மாமி என்று தெரிந்திருந்தால் வாங்கியிருப்பேனா?

பிலிப்பு: அதுதான் அண்ணன் பிரச்சினையே.

அருள்: இந்தா 300. நீயே குடுத்துவிடு.

பிலிப்பு: மாட்டேன். நீங்கள்தான் குடுக்க வேண்டும், துணைக்கு வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

அருள்: ஐயோ, உன் மாமி பெண்கள் ஐக்கியத்தில் எடுத்துவிடுவாவே!

பிலிப்பு: வெள்ளிக்கிழமையே ஜெபக்குறிப்பாகக் குடுத்துவிட்டா. ஆனால் உங்கள் பேரை மாமி சொல்லவே இல்லை.

அருள்: ஸ்தோத்திரம்!

பிலிப்பு: ஓட்டோ நம்பரை மட்டும்தான் சொன்னவ.