பெயின்டரை அனுப்பச் சொன்னவன் நான்தான்

2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. பர்டூ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் கோச் மேட் பெயின்டரைப் பற்றி, இண்டியானாபொலிஸ் பக்கம் இருக்கும் தமிழ் நண்பர்கள் வாட்ஸப் குழுவில் நான் போட்ட செய்தி இது: "போதும்டா சாமி. பதினெட்டு சீசன். இந்த ஆளை அனுபிட்டு வேற கோச்சைக் கொண்டு வாங்க." கோபத்தில் 'அனுப்பிட்டு' என்ற சொல்லில் ஒரு 'ப்' விழுந்துவிட்டது. அதைக்கூடத் திருத்தவில்லை.

கல்லூரி கூடைப்பந்து பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் அமெரிக்கா முழுவதிலிருந்தும் 68 கல்லூரி அணிகள் தேசியப் போட்டிக்கு வரும். நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. ஒரு மேட்ச் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1ஆம் இடத்து அணி 16ஆம் இடத்து அணியிடம் தோற்பது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் நடந்திருந்தது. இரண்டாவது முறையை நடத்திக் காட்டியது நான் படித்த பர்டூ. ஃபேர்லி டிக்கின்சன் என்ற அணியிடம் 63-58.

அந்த ஃபேர்லி டிக்கின்சன் முந்தைய ஆண்டு நான்கே நான்கு மேட்ச் வென்ற அணி. அவர்கள் லீக்கின் சாம்பியனுக்கு விதிப்படி தேசியப் போட்டிக்கு வரத் தகுதி இல்லாததால் அந்த இடம் இவர்களுக்கு வந்தது. முதல் டிவிஷனில் இருந்த 363 அணிகளிலேயே உயரம் குறைந்த அணி. எங்களிடம் 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி. அந்த ஆண்டின் சிறந்த வீரர்.

டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்ததில் ஒரு காட்சி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. கடைசி நிமிடங்கள். கூடைக்கு அடியில் ஈடி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பனைமரம் மாதிரி. அவரைச் சுற்றி இரண்டு மூன்று குட்டை ஆட்கள். வெளியே பந்தை வைத்திருக்கும் எங்கள் பையன்கள், முதலாண்டு மாணவர்கள், அவருக்குப் பந்தைக் கொடுக்க வழி தெரியாமல் தூரத்திலிருந்தே எறிகிறார்கள். மூன்று புள்ளி எறிதல் 26, உள்ளே போனது 5. கோச் மேட் பெயின்டர் ஓரத்தில் நிற்கிறார். ஏதாவது பண்ணுய்யா என்று நான் டிவியிடம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கோபம் அந்த ஒரு இரவுக்கு மட்டும் இல்லை. 2021இல் 13ஆம் இடத்து நார்த் டெக்சாஸிடம் தோற்றோம். 2022இல் 15ஆம் இடத்து செயின்ட் பீட்டர்ஸிடம். 2023இல் 16. அடுத்து தோற்க 17ஆம் இடம் என்று ஒன்று இல்லையே என்று ப்ளூமிங்டனில் படித்த ஒரு அண்ணன் குழுவில் எழுதினார். அவர் இந்தியானா பல்கலைக்கழக ஆள், எங்கள் பரம எதிரி. நன்றாகச் சமைப்பார் என்பதால் குழுவில் வைத்திருக்கிறோம்.

அந்த இரவிலிருந்து எங்கள் குழுவில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஒரு கோச்சுக்கு எத்தனை காலம் கொடுக்கலாம்? என் கட்சி மாறிவிட்டது. ஏன் மாறியது என்று சொல்லத்தான் இந்த நீளமான பதிவு.

பொறுமை வேண்டும் என்று பேசுபவர்கள் எல்லாரும் டியூக் பல்கலைக்கழகக் கோச் ஷிஷெவ்ஸ்கியைத்தான் இழுப்பார்கள், சுருக்கமாக கோச் கே. 1980இல் வந்தார், முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. 1983இல் வர்ஜீனியாவிடம் 109-66 என்று உதை வாங்கினார். பணம் கொடுக்கும் பெரிய மனிதர்கள் அவரை அனுப்பச் சொன்னார்கள், விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் மறுத்தார். பிறகு ஐந்து தேசியக் கோப்பை. நல்ல கதைதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லி ஒருவரைக் காப்பாற்றுவது எனக்குப் பிடிக்காது. லாட்டரி அடித்தவனின் படம்தான் பேப்பரில் வரும். காலம் கொடுத்தும் ஒன்றும் ஆகாமல் போன கோச்சுகளின் கதையை யார் எழுதப் போகிறார்கள்?

கென்டக்கி பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அவர்கள் கோச் ஜான் கலிபாரி 2012இல் கோப்பை வென்றவர். 2019இல் வாழ்நாள் ஒப்பந்தம் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். 2021இல் 9 வெற்றி, 16 தோல்வி. 2022இல் அதே செயின்ட் பீட்டர்ஸிடம் முதல் சுற்றிலேயே வெளியே. 2024இல் 14ஆம் இடத்து ஓக்லாந்திடம் 80-76. ரசிகர்கள் கொதித்தார்கள். அனுப்பலாம் என்றால் கையில் 33 மில்லியன் டாலர் போலக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று செய்தி வந்தது. அனுப்பவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் மனம் இல்லாமல் இருந்தபோது அவரே ஆர்கன்சாவுக்குக் கிளம்பிப் போனார். இதை நீண்டகால ஆதரவு என்று நான் சொல்ல மாட்டேன். கான்ட்ராக்ட் வேறு, ஆதரவு வேறு. கல்லூரி நிர்வாகங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன.

சரி, அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? என் கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதர் தோற்ற பிறகு எதையாவது மாற்றுகிறாரா?

நான் முதுகலை படிக்க, பர்டூ இருக்கும் வெஸ்ட் லஃபயெட் வந்தது 2012 ஆகஸ்ட். கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. பர்டூ ஆடும் மேக்கி அரீனாவுக்குப் போனதே பிப்ரவரிக் குளிருக்கு உள்ளே கதகதப்பாக இருக்கும் என்பதால்தான். ரூம்மேட்தான் பிடித்து இழுத்துப் போனான். நான் பார்த்த முதல் சீசனில் 16 வெற்றி, 18 தோல்வி. அடுத்த சீசன் 15-17, நாங்கள் ஆடும் பிக் டென் லீக்கில் கடைசி இடம். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது தோற்கிற அணி. அப்போதும் பெயின்டரை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பவில்லை. அவர் ஆள் எடுக்கும் முறையை மாற்றினார். பள்ளியில் எவ்வளவு பெயர் வாங்கியவன் என்பதைவிட, எப்படிப்பட்ட பையன், நம்மோடு நான்கு வருடம் இருந்து வளர்வானா என்று பார்க்க ஆரம்பித்தார். பள்ளி தரவரிசையில் எங்கேயோ கீழே கிடந்த கனடா பையன் ஒருவன் பின்னால் தொடர்ந்து இரண்டு முறை நாட்டின் சிறந்த வீரன் ஆனது அந்த வழியில்தான். ஸாக் ஈடி.

இதற்கு நடுவில் 2019 மார்ச் 30 இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விவாதமே கிடையாது. லூயிவில்லில் வர்ஜீனியாவோடு மேட்ச். வென்றால் ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நான்கு அணிகளில் ஒன்று, 1980க்குப் பிறகு முதல் முறை. எங்கள் கார்சன் எட்வர்ட்ஸ் தனி ஆளாக 42 புள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆறு நொடிக்கும் குறைவு, 70-68 முன்னிலை, வர்ஜீனியாக்காரர் இரண்டாவது ஃப்ரீ த்ரோவைத் தவற விடுகிறார். முடிந்தது என்று நான் சோஃபாவிலிருந்து எழுந்துவிட்டேன். எகிறிய பந்தை ஒருவர் பின்பக்கம் தட்டிவிட, அது அவர்கள் பக்கத்துக்கே உருண்டு ஓடுகிறது. கிஹை கிளார்க் என்ற குட்டிப் பையன் அதைத் துரத்திப் பிடித்து, திரும்பி, அரை மைதானத்துக்கு மேல் நீளமாகப் பாஸ் கொடுக்கிறான். மமாடி டியாகிட்டே வாங்கிய கையோடு எறிகிறார். மணி அடிக்கும்போது பந்து காற்றில் இருக்கிறது. உள்ளே. கூடுதல் நேரத்தில் 80-75 என்று தோற்றோம்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த வர்ஜீனியாவின் கோச்சை. டோனி பென்னட். 16ஆம் இடத்து அணியிடம் முதன்முதலில் தோற்றது யார் தெரியுமா? அவர்தான். 2018இல், 74-54. ஊரே சிரித்தது. அடுத்த ஆண்டு அந்த ஒரு பந்து உள்ளே போனதால் ஃபைனல் ஃபோர் போனார், கோப்பையும் வென்றார். பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்திருந்தால்? பென்னட் 'மார்ச்சில் முடியாதவர்' ஆகியிருப்பார். பெயின்டர் 'கடைசியில் சாதித்தவர்' ஆகியிருப்பார். இரண்டு பேரின் மூளையிலும் உழைப்பிலும் ஒரு துளி மாற்றம் இருந்திருக்காது. ஒரு பந்தை வைத்து மனிதர்களுக்கு மார்க் போடுகிறோம். நானும்தான் போட்டேன்.

ஆனால் 2021, 22, 23 தோல்விகளை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட மாட்டேன். மூன்றும் ஒரே ஜாதித் தோல்வி. எதிரணியின் சின்னச் சின்ன வேகமான ஆட்கள், வெளியே பந்தை வைத்து ஆடும் எங்கள் கார்டுகளை (guard) நெருக்க, பந்து பெரிய ஆளிடம் போய்ச் சேராது. ஒரே பாடத்தில் மூன்று முறை ஃபெயில். அந்த இரவில் நான் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கோபத்தில் சொன்ன தீர்வுதான் தப்பு.

ஏன் தப்பு என்றால், இப்போது கோச்சை அனுப்புவது கோச்சை மட்டும் அனுப்புவது இல்லை. 2021 முதல் மாணவர்கள் ஒரு வருடம் வெளியே உட்காராமல் வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம். அதே ஆண்டு ஜூலை முதல் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். கோச் போனால் மறுநாள் பையன்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுப்பார்கள். 2025இல் மைக் வுட்சன் போய் டேரியன் டிவ்ரீஸ் வந்தபோது இந்தியானாவில் ஏறத்தாழ முழு அணியும் புதிது. என் பேச்சைக் கேட்டு 2023 மார்ச்சில் பெயின்டரை அனுப்பியிருந்தால் அந்த முதலாண்டுக் கார்டுகள் இருவரும், பிரேடன் ஸ்மித்தும் ஃப்ளெட்சர் லாயரும், எந்த ஊரில் ஆடியிருப்பார்களோ. ஈடியும் என்பிஏ என்ற தொழில்முறை லீக் பக்கம் போயிருக்கலாம். இருந்தார்கள். அதே பையன்கள், ஒரு வயது கூடியிருந்தது. கூடவே சதர்ன் இல்லினாயிலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் என்ற வேகமான கார்டை பெயின்டர் கொண்டு வந்தார். எந்த இடத்தில் ஓட்டையோ அந்த இடத்துக்குத்தான் ஆள் எடுத்தார். மூன்று புள்ளி எறிதல் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியது. 2024 மார்ச்சில் டெட்ராய்ட்டில் டென்னஸியை 72-66 வென்றபோது ஈடி மட்டும் 40 புள்ளி. 44 ஆண்டுகளுக்குப் பிறகு ஃபைனல் ஃபோர். அப்புறம் இறுதிப் போட்டியில் கனெக்டிகட்டிடம் 75-60. அவர்கள் எங்களைவிட நல்ல அணி, அதில் வாதமே இல்லை.

ப்ளூமிங்டன் அண்ணன் விடுவாரா? "கோப்பை எங்க தம்பி?" என்றார். இந்தப் போட்டியில் பர்டூவுக்குக் கோப்பை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். இந்தியானா அரங்கில் கோப்பைக்கு ஒன்றாக ஐந்து கொடி தொங்குகிறது. கடைசிக் கொடி 1987. நான் அப்போது பிறக்கவில்லை. 2000இல் நெடுநாள் கோச் பாப் நைட்டை அனுப்பிய பிறகு, தற்காலிகமாக வந்தவரை விட்டுவிட்டு எண்ணினால்கூட, ஆறு பேரைக் கொண்டு வந்துவிட்டார்கள். ஆர்ச்சி மில்லருக்கு நான்கு சீசன். வுட்சனுக்கு நான்கு. டாம் க்ரீன் 6 வெற்றி, 25 தோல்வி என்று சிதைந்து கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தி, இரண்டு முறை பிக் டென் பட்டம் வென்று கொடுத்தார். அவரையும் 2017இல் அனுப்பினார்கள். பர்டூவில் 1980 முதல் இரண்டே பேர். ஜீன் கீடி 25 சீசன், அதற்குப் பிறகு அவரிடம் ஆடிய பெயின்டர்.

"அப்ப காலம் பூரா வச்சுக்குவீங்களா?" என்று கேட்டார். மாட்டேன். அதே மாதிரித் தோல்வி, அதே மாதிரிச் சமாதானம், எதையும் தொடாமல் அடுத்த வருடம் மறுபடி என்று ஆனால் நானே மறுபடி டைப் செய்வேன், இந்த முறை எழுத்துப்பிழை இல்லாமல். கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிற மனிதருக்கு என் ஆதரவு எதற்கு என்றும் சில நேரம் தோன்றும். அது வேறு விஷயம்.

2025 மார்ச்சில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, இண்டியானாபொலிஸில், ஹூஸ்டனோடு மேட்ச். 60-60. ஒரு நொடிகூட மிச்சமில்லாத நேரத்தில் ஹூஸ்டன்காரர் பந்தை உள்ளே போட்டார். 62-60. குழுவில் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ரூம்மேட் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போட்டான். 2023 மார்ச் 17, என் பெயர், 'அனுபிட்டு'. கீழே ப்ளூமிங்டன் அண்ணன் ஒரு இதயம் வைத்திருந்தார்.