விடியற்காலைச் சர்க்கரையும் திருட்டுத் தீனிப் பழியும்
சர்க்கரை நோயாளிகளுக்கு எடை குறைந்தும் காலை வெறும்வயிற்றுச் சர்க்கரை இறங்கவில்லை என்றால் ராத்திரி எதையோ ஒளித்துத் தின்கிறார்கள் என்று இந்தக் கட்டுரையில் ஒரு வரி வருகிறதே, அதுதான் இடிக்கிறது. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அம்மா ஐந்து மாதத்தில் 8 கிலோ குறைத்தார். தேங்காய்ப்பால் சொதி வைக்கிற நாளில்கூட ஒரு கரண்டிச் சோறுதான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு 240இலிருந்து 150க்கு வந்தது. காலை அளவு மட்டும் 140ஐ விட்டு நகரவில்லை. பார்த்த டாக்டரும் இதே சந்தேகத்தைக் கேட்டு அம்மாவை அழவைத்தார். விடியும் முன் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கூடும், குளுக்ககான் என்கிற ஹார்மோன் வேறு ஈரலை உசுப்பிச் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். இன்சுலின் ஈடுகொடுக்காவிட்டால் பட்டினி கிடந்தாலும் ஏறத்தான் செய்யும். அப்புறம், மேலே பின்னூட்டத்தில் ‘எடை குறைக்க மனக்கட்டுப்பாடு இருந்தால் போதும்’ என்று எழுதிய அண்ணாச்சிக்கு: எடை இறங்கினால் பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் சரியும், பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும். ஆஸ்திரேலியாவில் 10 வாரம் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் இந்த மாற்றம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011இல் ஆய்வே வந்திருக்கிறது. அம்மாவுக்குக் காலை அளவு 118க்கு வர இன்னும் நாலு மாதம் ஆனது, அதுவும் இரவு மாத்திரையின் நேரத்தை வேறொரு டாக்டர் மாற்றிய பிறகு.