யாழ்ப்பாணத்தில் வாங்கி, கொழும்புக்கு ஓட்டி

"டயர் புதுசு மாதிரி, அண்ணை!" பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கிற ஆள் எவரும் இதைச் சொல்லாமல் விடுறதில்லை. அந்தக் கார் பெரும்பாலும் கராஜுக்குள்ளேயே கிடக்கும். டயர் தேயாது, ஆனால் ரப்பர் காய்ந்து வெடிப்பு விழும். டயரின் பக்கச் சுவரில் இருக்கிற டொட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கோ: 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அந்தக் கிழட்டு டயரோடு ஏ9 வீதி வெயிலில் கொழும்புவரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர்!

ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் உள்ள எஞ்சின்) போட்ட மஸ்டா ஆர்எக்ஸ்-8 என்றால் இன்னும் கொடுமை. ஆறின எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவினம். நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிசத்தில் திரும்பச் சாவியைத் திருப்புங்கோ. இழுத்து இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் கம்பிரஷன் (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிற அழுத்தம்) போய்விட்டது. ஒயில் எரிவது பழுதில்லை, ரோட்டரி எஞ்சினின் அமைப்பே அப்படி. வழியில் ஊற்ற ஒரு லீற்றர் ஒயில்கூட டிக்கியில் வைத்துத் தரமாட்டினம். காசு எண்ணுறதில் மட்டும் நல்ல கவனம்.