வரி குறைந்தால் கூலி கூடுமா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தேன். அந்த நாற்பது நொடி வீடியோ இன்று காலையில் மறுபடியும் என் போனுக்கு வந்தது. அனுப்பியவர் என்னோடு படித்தவர். கீழே சிரிக்கிற பொம்மை வேறு. இனி முடியாது.

நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். இந்தியா பிரிட்டனோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் நம்ம கடற்கரைக்கு என்ன வரும் என்று ஒருவர் மேடையில் முக்கால் மணி நேரம் பேசினார். கடைசி வரிசையிலிருந்து, கடல் உணவு கம்பெனியில் வேலை செய்கிற ஒரு அக்கா எழுந்து, "வரி கொறஞ்சா எங்களுக்குக் கிலோவுக்குக் கூலி கூடுமா சார்?" என்று கேட்டார். "மொதல்ல நீங்க ஸ்கில்ல வளத்துக்கணும்மா" என்றார் அவர். கூடம் சிரித்தது. கைதட்டல் கூடக் கேட்டது. அந்த வீடியோவில் இருப்பது இதுதான்.

அந்தக் கேள்வியில் சிரிக்க என்ன இருந்தது?

அவர் சொன்ன தகவல்களில் எனக்குச் சண்டை இல்லை. 2025 ஜூலை 24இல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. நம்ம கடல் உணவுக்கு அங்கே 21.5 சதவீதம் வரை இருந்த வரி பூச்சியமாகும். வியட்நாம்காரர்கள் 2020 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பாவோடு ஒப்பந்தம் வைத்துக்கொண்டு வரிச்சலுகையில் இறாலை இறக்குகிறார்கள், நாம் அவர்களைவிடக் கூடுதல் வரி கட்டிப் போட்டி போட வேண்டியிருந்தது என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் அக்கா ஏற்றுமதி கூடுமா என்று கேட்கவில்லை. கூலி கூடுமா என்று கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை.

ஸ்கில் பற்றிச் சொல்கிறேன். எங்கம்மா மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் பதினாறு வருஷம் சதை எடுத்தவர். காலை ஐந்து மணிக்கு உச்சிப்புளி ரோட்டில் வேன் வந்து நிற்கும். வளையல் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. அவித்த நண்டு மேஜையில் மலையாகக் கொட்டிக் கிடக்கும். பின்னால் துடுப்பு மாதிரி இருக்கிற நீச்சல் கால் சேருமிடத்தில், ஓட்டுக்குள்ளே பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய சதைக்கட்டி இருக்கும். அதை உடையாமல் எடுத்தால் 'ஜம்போ லம்ப்'. விலையில் முதல் தரம் அதுதான். விரல் கொஞ்சம் அழுத்தினால் உடைந்து அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். எடுத்த சதையை ஊதா விளக்குக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்கள், ஒரு ஓட்டுத்துணுக்கு கூட இருக்கக் கூடாது. அப்புறம்தான் 454 கிராம் டப்பாவில் அடைத்து, சூடுகாட்டி, குளிரில் வைத்து அமெரிக்காவுக்கு ஏற்றுவார்கள். அங்கே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அந்தக் கட்டி உடையாமல் இருப்பதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். உடையாமல் எடுத்தது எங்கம்மாவின் விரல். இதற்கு மேல் என்ன ஸ்கில் வேண்டும்?

சின்ன வயசில் அம்மா சோறு ஊட்ட வந்தால், நண்டு வாடை அடிக்கிறது என்று கையைத் தட்டிவிடுவேன். எலுமிச்சையும் புளியும் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி வருவார். ஓடு கீறின இடத்தில் புளி பட்டால் எப்படி எரியும் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கூடத்தில் சிரிப்பு எழுந்தபோது என் நினைவுக்கு வந்தது அதுதான்.

அரசாங்கத்தின் தொழில் வகைப்பாட்டில் மீன், இறால், நண்டு பதப்படுத்துவது உற்பத்தித் தொழிலில்தான் வருகிறது. மேடைக்காரர் உற்பத்தி வேலை என்றதும் கார், செல்போன் படங்களாகக் காட்டினார். ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரைக்கும் நம்மில் பலருக்குக் கிடைக்கிற தொழிற்சாலை வேலை ஈரத் தரையில் நின்று செய்கிற வேலை. அது அவர் கண்ணில் படவே இல்லை.

"நீ வர்த்தகத்துக்கே எதிரி" என்று சிலர் எழுதுவீர்கள். இல்லை. நண்டு வெளிநாடு போகாவிட்டால் வள்ளக்காரர்களுக்கு இந்த விலை கிடைக்காது, கம்பெனியும் இருக்காது, எங்கம்மாவுக்கு வேலையும் இருந்திருக்காது. என் பள்ளிக்கூடச் சீருடையே அந்த டப்பாவில் வந்ததுதான். ஒப்பந்தம் வரட்டும். வந்த லாபத்தில் கூலிக்குப் பங்கு எங்கே என்றுதான் கேட்கிறேன்.

"கம்பெனிக்கும் செலவு இருக்கிறதே" என்பீர்கள். கரண்ட், ஐஸ், டப்பா, தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் வாடகை எல்லாம் இருக்கிறது. சரி. 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா கூடுதல் வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது என்ன நடந்தது? எங்கள் தெருவில் அடுத்த வாரமே வேன் வருகிற நாள் பாதியானது. ஆர்டர் இல்லை, வீட்டில் இருங்கள் என்றார்கள். வாஷிங்டனில் ஏறின வரி உச்சிப்புளி அடுப்புக்கு ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தது. அப்படியானால் லண்டனில் இறங்குகிற வரி மட்டும் எங்கள் தெருவுக்கு வர ஏன் வழி தெரியாமல் போகிறது? வரி ஏறினால் நஷ்டத்தில் நாங்கள் பங்காளி. வரி இறங்கினால் நாங்கள் யாரோ. இதைத்தான் அந்த அக்கா ஒரே வரியில் கேட்டார்.

"ஒப்பந்தத்தில் கூலியெல்லாம் எழுத முடியாது தம்பி, அது நாட்டுக்கு நாடு பேசுற விஷயம்" என்று ஒரு அண்ணன் நேற்றே மெசேஜ் போட்டார். முடியும் அண்ணே, எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் சேர்ந்து போட்டு 2020 ஜூலை 1இல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். வரியில்லாமல் ஒரு கார் எல்லை தாண்ட வேண்டுமென்றால், அதன் மதிப்பில் 40 சதவீதம் சராசரியாக மணிக்குக் குறைந்தது 16 டாலர் கூலி தருகிற இடத்தில் உருவாகியிருக்க வேண்டும். காருக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு நண்டுக்கு எழுதத் தெரியாதா?

நாமும் எழுதாமல் இல்லை. சுவிட்சர்லாந்து, நார்வே முதலான நான்கு நாடுகளோடு 2024 மார்ச்சில் போட்ட ஒப்பந்தத்தில் 15 வருஷத்தில் 10,000 கோடி டாலர் முதலீடு, 10 லட்சம் வேலை என்று குறிப்பிட்டிருக்கிறது. வேலையின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்க முடிந்திருக்கிறது. அந்த வேலைக்கு என்ன கூலி என்று கேட்கவில்லை. பிரிட்டன் ஒப்பந்தத்தில் தொழிலாளருக்கென்று தனி அத்தியாயமே உண்டு. ஆனால் அதை மீறினால் ஒப்பந்தத்தின் தகராறு தீர்க்கும் ஏற்பாட்டுக்குப் போக முடியாது. சரக்குக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆளுக்குத் திறக்கவில்லை.

"வெளியூரில் ஏசியில் உட்கார்ந்து எழுதுகிறாய்" என்றும் வரும். ஆமாம், வெளியூரில்தான் இருக்கிறேன். தன் மகனாவது அந்த மேஜைக்குப் போகக் கூடாது என்று அம்மா அனுப்பி வைத்தார், அதனால் இருக்கிறேன். அதற்காக நான் வாயை மூட வேண்டுமா? அங்கே இருக்கிறவர் வாய் திறந்தால் என்ன ஆகும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டோமே.

அம்மாவின் வலது கைப் பெருவிரல் இப்போது முழுசாக மடங்காது. ஊசியில் நூல் கோக்க என் மனைவியைக் கூப்பிடுகிறார்.

நேற்று இரவு அந்த அக்காவோடு பேசினேன். வீடியோ கம்பெனி வரைக்கும் போய்விட்டதாம். கூட்டத்துக்கு யார் போகச் சொன்னது என்று சூப்பர்வைசர் கேட்டாராம். பாத்ரூம் போகக் கூட எழுந்திருக்கப் பயமாக இருக்கிறது என்றார். "நான் ஒண்ணும் தப்பாக் கேக்கலயே தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நீங்கள் அந்த வீடியோவைப் போட்டிருந்தால் தயவுசெய்து இன்றே நீக்கிவிடுங்கள். கேள்வியை நான் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல விரும்புகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.